தலையும் உடலும்: எல்லையூர்க் கடித உறைகள்

இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "வாழ்நாள் முழுக்க எதைச் சேர்த்தீர்களோ, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். நான் சேர்த்தது பழைய கடித உறைகள், கார்டுகள், அவற்றின் மேல் விழுந்த அஞ்சல் முத்திரைகள். வரலாற்று ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியில் சொல்லிக்கொடுத்த வரலாற்றை விட, உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கற்றுக்கொண்ட வரலாறு எனக்குப் பெரிது. இதைப் பேச ஆந்திர-தமிழ்நாடு எல்லையோரத்து இந்த ஸ்ரீ சிட்டியை விடப் பொருத்தமான இடமும் கிடையாது. மேற்கே சத்தியவேடு, கிழக்கே தடா, அதையும் தாண்டினால் பழவேற்காட்டு ஏரி, தெற்கே ஆரம்பாக்கம். இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் கடித முகவரிகள் மாறிய அளவுக்கு வேறெங்கும் மாறி நான் பார்த்ததில்லை.

முதலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

பொன்னேரியில் எங்கள் ஆயா வீட்டு நடையில் ஒரு கம்பி தொங்கும். உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அடியில் வட்டமான மரக்கட்டை, அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கம்பி, மேல்முனை கொக்கிபோல் வளைந்து உத்திரத்து ஆணியில் மாட்டியிருக்கும். வருகிற கடிதத்தைப் படித்ததும் அந்தக் கம்பியில் குத்திவிடுவார்கள். பழையது அடியில், புதியது மேலே. நாற்பது வருடக் கடிதங்கள் அதில் அடுக்கடுக்காகக் கிடந்தன. எனக்குப் பத்து வயது. பள்ளியில் ஒரு பையன் ஸ்டாம்ப் ஆல்பம் கொண்டுவந்திருந்தான். அன்று மாலையே கம்பியிலிருந்து எல்லாவற்றையும் உருவி, அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உறைகளை ஊறப்போட்டு, ஸ்டாம்புகளைக் கழற்றி எடுத்தேன். கார்டுகளில் தலை ஒட்டியது அல்ல, அச்சிட்டது. ஆகவே கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டிக்கொண்டேன். மிச்சத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

நைனா, என் அப்பா, ரயில் அஞ்சல் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டர். ராத்திரி முழுக்க ரயிலில் கடிதம் பிரித்துவிட்டுக் காலையில் வீட்டுக்கு வருவார். அன்று காலை வந்தவர் அடுப்பைப் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. சாம்பலைக் கிளறி, பாதி கருகிய கார்டு ஒன்றை எடுத்துத் தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது அவருடைய அப்பாவின் கையெழுத்து. "தலைய மட்டும் எடுத்து வச்சிக்கினு உடம்ப எரிச்சிட்டியேடா" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

தபால் தலை என்பது நம் மொழியில் எத்தனை பொருத்தமான பெயர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ராணியின் தலையும் பிறகு ராஜாக்களின் தலையும் அச்சிட்ட துண்டுக் காகிதம், ஆகவே தலை. தலை இருந்தால் உடல் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? உறைதான் அந்த உடல். யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எந்த ஊரில் போட்டார், எந்த வழியாகப் போயிற்று, எப்போது போய்ச் சேர்ந்தது, இத்தனையும் உடலில்தான் இருக்கின்றன.

உலகமும் இந்தப் பிழையைச் செய்துதான் திருந்தியது. பிரிட்டனில் 1840 மே 6 அன்று முதல் ஒட்டுத் தலை புழக்கத்துக்கு வந்தது. நம் நாட்டில் 1852இல் பார்ட்டில் ஃபிரியர் சிந்து மாகாணத்துக்கு மட்டும் ஒரு தலை வெளியிட்டார். ஆசியாவில் அதுவே முதல். 1854 அக்டோபர் 1 முதல் இந்தியா முழுமைக்கும் ஒரே கட்டணம், ஒரே தலை என்றாயிற்று. கால் தோலா எடைக் கடிதத்துக்கு அரையணா. மதராஸிலிருந்து சித்தூருக்குப் போனாலும் சரி, பெஷாவருக்குப் போனாலும் சரி. அதற்கு முன்னால் தூரத்தைக் கணக்குப் பார்த்துக் கட்டணம் வாங்கினார்கள். தலை சேர்ப்பதற்கு 1864இல் பிரான்சில் ஜார்ஜ் எர்ப்பேன் என்பவர் கிரேக்கச் சொற்களைக் கூட்டிப் 'ஃபிலாட்டலி' என்று பெயர் சூட்டினார். அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களும் என்னைப்போல் தலையைக் கழற்றி ஆல்பத்தில் ஒட்டியவர்கள்தான். உறையை முழுசாக வைத்துக்கொள்ள வேண்டும், முத்திரையைப் படிக்க வேண்டும் என்ற அறிவு மெல்லத்தான் வந்தது. பம்பாயில் ஜால் கூப்பர் இந்தியாவின் ஆரம்பகால ரத்து முத்திரைகளை வரிசைப்படுத்தி நூல் எழுதியபோது, தலைமேல் விழுந்த கறுப்பு மைக் கறை என்று ஒதுக்கப்பட்டது படிப்புக்குரிய பொருளாகிவிட்டது. சென்னையில் தென்னிந்திய அஞ்சல்தலை சேகரிப்பாளர் சங்கம் 1956இல் தொடங்கியது. இன்று அப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போனால் "கவர் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. தலையைப் பிறகுதான் கேட்பார்கள்.

ஆயாவின் டிரங்குப் பெட்டியில் தனியாக இருந்ததால் என் கைக்குத் தப்பிய உறைகள் சில உண்டு. அவற்றில் இரண்டை இன்று கொண்டுவந்திருக்கிறேன். சத்தியவேடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ணமாக இருந்த ஆயாவின் அண்ணன், பொன்னேரியில் இருந்த தங்கைக்கு எழுதியவை. ஒன்று 1959 கடைசியில் எழுதியது, மற்றது 1960 நடுவில். இரண்டிலும் அதே கட்டைப் பேனா, அதே ஊதா மை. தலையும் அதே வரிசைதான். நயா பைசா வந்த பிறகு வெளியான, இந்திய வரைபடம் அச்சிட்ட தலை. முதல் உறையில் அனுப்புநர் முகவரியின் கடைசி வரி "செங்கல்பட்டு ஜில்லா" என்று முடிகிறது. இரண்டாவதிலும் பழக்கத்தில் கை "செங்கல்பட்டு" என்றே எழுதிவிட்டது. பிறகு ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சின்ன எழுத்தில் "சித்தூர்" என்று எழுதியிருக்கிறார். கோடு கோணவில்லை. கர்ணம் அல்லவா, கணக்கில் பிழை திருத்துகிற அதே நேர்க்கோடு. நடுவில் நடந்தது இதுதான்: 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திர-மதராஸ் எல்லை திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவர் வீடு மாறவில்லை, வயல் மாறவில்லை, கிணறு மாறவில்லை. ராஜ்யம் மாறிவிட்டது.

அந்தச் சட்டத்தின் கதையை இங்கே பலர் அறிவீர்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போயிற்று. திருத்தணியும் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். நடுவர் படாஸ்கர் தந்த பரிந்துரைப்படி திருத்தணி வட்டம் இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேட்டைச் சுற்றிய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. 'இந்தப் பக்கம்', 'அந்தப் பக்கம்' என்று தமிழ்நாட்டுக்காரனாகச் சொல்கிறேன். இங்கே பிறந்தவர்கள் மாற்றிச் சொல்வார்கள். இரண்டு பேச்சும் உண்மைதான். எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த நாட்களில் ஒரு சாதாரண மனிதரின் பேனா எங்கே தயங்கியது என்பதைக் காட்ட, அந்த அடித்தல் கோட்டைத் தவிர எனக்கு வேறு சான்று கிடைக்கவில்லை. அரசிதழில் தேதி இருக்கும், எல்லைக் கல் எண் இருக்கும். தயக்கம் இருக்காது.

திருத்தணியையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று அங்கே பிறந்தபோது அது வடஆர்க்காடு மாவட்டம். அந்த மாவட்டத்தின் தலைநகரோ சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது, திருத்தணியும் அதனோடு போயிற்று. 1960இல் செங்கல்பட்டு. 1997இல் திருவள்ளூர். ஒரே வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வரிசையாக அடுக்கினால் நான்கு மாவட்டப் பெயர் வரும். அவர் சிறுவனாகப் படித்த திருப்பதியும் இப்படித்தான். 1890களின் உறையில் "திருப்பதி, வடஆர்க்காடு ஜில்லா" என்று இருந்தால் எழுதியவருக்கு ஊர் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு அதுதான் சரியான முகவரி.

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது சித்தூரிலிருந்து சத்தியவேடு பக்கத்தையும், நெல்லூரிலிருந்து சூளூர்பேட்டை, தடா பக்கத்தையும் அதில் சேர்த்தார்கள். மாவட்டம் ஒன்றாகிவிட்டது. பின்கோடு ஆகவில்லை. ஸ்ரீ சிட்டிக்கு 517646. பக்கத்துத் தடாவுக்கு 524401. நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் தெற்கே போனால் கும்மிடிப்பூண்டி, 601201. முதல் மூன்று எண்கள் எந்தப் பிரிப்பு மாவட்டம் என்பதைச் சொல்லும். 517 என்றால் சித்தூர், 524 என்றால் நெல்லூர். 1972 ஆகஸ்ட் 15 அன்று ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்துக்கொடுத்த இந்த எண் முறைக்குள் பழைய மாவட்ட எல்லை அப்படியே உறைந்து கிடக்கிறது. நீங்கள் தினமும் பார்சலின் மேல் எழுதுகிற எண்ணுக்குள் நெல்லூரும் சித்தூரும் இன்னும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களாகவே இருக்கின்றன. எனக்கு இது எப்போது நினைத்தாலும் வியப்பு.

முத்திரையைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நைனா. அந்த அடுப்புச் சம்பவத்துக்கு இரண்டு வருடம் கழித்து, நானே போய்க் கேட்ட பிறகுதான் கற்றுக்கொடுத்தார். ஒரு உறையில் முன்பக்கம் தலைமேல் விழுவது போட்ட ஊரின் முத்திரை. அந்தக் காலத்தில் உறையைத் திருப்பினால் பின்பக்கம் இன்னும் சில இருக்கும்: வழியில் பிரித்த ஆர்.எம்.எஸ். முத்திரை, போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை. மூன்றையும் தேதியோடு வரிசையாகப் படித்தால் கடிதம் போன பாதை கிடைக்கும். "இது கூடூர் வழியா வந்திருக்கு, இது அரக்கோணம் சுத்திக்கினு வந்திருக்கு" என்று கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்வார். ஓடுகிற ரயிலில், அறை அறையாகப் பிரித்த மர அலமாரி முன்னால் நின்றபடி, ஒவ்வொரு கடிதத்தையும் அதற்குரிய அறையில் எறிவது அவர் வேலை. பை கட்டி, சணல் சுற்றி, அரக்கு உருக்கி சீல் வைத்து, ஸ்டேஷன் வரும்போது இறக்க வேண்டும். அவர் விரல் நுனியில் அரக்குச் சூட்டுத் தழும்பு இருந்தது.

அஞ்சலகத்தில் காலையில் முதல் வேலை, முத்திரைக் கட்டையில் தேதி எழுத்துகளை மாற்றி, ஒரு பதிவேட்டில் குத்திப் பார்ப்பது. தேதி தலைகீழாக மாட்டிவிட்டால், மாதம் மாறிவிட்டால், அங்கேயே தெரிந்துவிடும். ஆனாலும் தப்பிப் போனவை உண்டு. சேகரிப்பாளர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. நன்றாக மை ஒற்றி, நிதானமாக, வட்டம் முழுதும் விழுகிறபடி குத்திய ஒரு கிராமத்து முத்திரையைப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சி எனக்குப் போதும். குத்தியவர் அன்றைக்கு அவசரப்படவில்லை என்று தெரிகிறது.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் இணையத்தில் பணம் கொடுத்து ஏமாறுகிறார்கள். விலை கூடினால் பொய்யும் கூடும். பழைய உறையில் வேறு தலையை ஒட்டி விற்பார்கள். முத்திரை பாதி தலையிலும் பாதி உறையிலும் விழுந்து, கோடு இரண்டிலும் அறுபடாமல் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அந்தத் தேதியில் அந்தக் கட்டணம் சரியா என்று பாருங்கள். 1879 ஜூலையில் கார்டு வந்தபோது விலை காலணா. 1922இல் அது அரையணாவாயிற்று. 1930ஆம் ஆண்டு முத்திரையோடு, காலணா மட்டுமே கட்டிய கார்டு ஒன்று, கூடுதல் கட்டணம் கேட்ட குறி எதுவும் இல்லாமல் வந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நாட்பெயிட் போட்டுப் பெறுபவரிடம் இரட்டிப்பாக வாங்கியிருக்க வேண்டும், அந்தக் குறி எங்கே? இப்படிக் கேள்வி கேட்கப் பழகினால் ஏமாற மாட்டீர்கள். 1950 அக்டோபர் 2க்கு முந்தைய தேதியோடு யாராவது உள்நாட்டுக் கடிதத் தாள் விற்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அது பிறந்ததே அன்றைக்குத்தான்.

இனி அந்தக் கம்பித் துளை. வெளிநாட்டு ஏலப் பட்டியல்களில் நம் ஊர்க் கார்டுகளைப் பற்றிக் குறிப்பிடும்போது, நடுவில் துளை இருப்பதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைத்துவிடுகிறார்கள். இதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். முத்திரை சொல்வது, கடிதம் வந்தது என்பதை. துளை சொல்வது, அது படிக்கப்பட்டது, வைத்துக்கொள்ளப்பட்டது என்பதை. துளையைச் சுற்றித் துரு படிந்து மஞ்சளாகியிருக்கும். துருவின் அளவைப் பார்த்து, எத்தனை மழைக்காலம் அது அந்தக் கம்பியில் இருந்தது என்று ஒரு மதிப்புப் போடலாம். மேல் மூலையில் பிள்ளையார் சுழி, "உபயகுசலோபரி", "இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்". பிறகு ஒரு "நிற்க". நிற்க என்ற சொல்லுக்குப் பின்னால்தான் உண்மையான சமாச்சாரம் வரும். உபயகுசலோபரி என்பதைத் தமிழ்க் கடிதத்திலும் பார்த்திருக்கிறேன், தெலுங்குக் கடிதத்திலும் பார்த்திருக்கிறேன். இந்த எல்லையில் இரண்டு மொழிக்கும் நலம் விசாரிக்கிற வாசகம் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

ஆனால் கம்பியில் எல்லாம் ஏறவில்லை. என் சேகரிப்பை ஒருமுறை பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. கல்யாணம் நிறைய இருக்கிறது, பிள்ளைப்பேறு இருக்கிறது, வாய்க்கால் தகராறு இருக்கிறது, மாடு விற்றது இருக்கிறது. சாவு இல்லை. மஞ்சள் தடவி வந்த கடிதத்தைக் கம்பியில் குத்துவார்கள். கருமாதிக் கடிதத்தைப் படித்த உடனே கிழித்துத் தெருவில் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்கக் கூடாது. ஆகவே பழைய கடிதங்களைக் கொண்டு ஒரு குடும்பத்தின் கதையை எழுத உட்கார்ந்தால் மனிதர்கள் சாகவே மாட்டார்கள். ஒருவருடைய கடிதம் ஒரு வருடத்தில் நின்றுபோகும், அவ்வளவுதான். நின்றுபோன இடத்தைத்தான் நாம் படிக்கப் பழக வேண்டும். ஆயாவின் அண்ணனுடைய கடைசி உறை 1963 முத்திரையோடு இருக்கிறது.

எதையும் சேர்த்து வைக்காத வீட்டிலும் ஒரு உறை கிடைக்கும். பூஜை அறையில் தேடுங்கள். திருமலைக்கு மணியார்டரில் காணிக்கை அனுப்பியவர்களுக்கு அங்கிருந்து அட்சதையும் குங்குமமும் வைத்து வந்த உறை, சுவாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். மணியார்டர் இந்தியாவில் 1880இல் வந்தது. அன்று முதல் மலையேற முடியாத எத்தனை முதியவர்கள் அஞ்சலகக் கவுன்டர் வழியாகவே வேண்டுதலை நிறைவேற்றியிருப்பார்கள் என்று நினைத்துப்பாருங்கள். அப்படிப்பட்ட உறையை எந்த வீட்டிலும் நான் விலைக்குக் கேட்பதில்லை. படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவேன்.

நம் கிழக்கே, ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ராக்கெட் ஏறும் நாளில் இந்த வளாகத்துத் தொழிற்சாலைகளின் மாடியில் நின்று நீங்கள் பார்க்கிறீர்கள். அதே நாளில் சிலர் கையில் உறைக் கட்டோடு அஞ்சலகத்துக்கு ஓடுவார்கள். விண்வெளி அஞ்சல் சேகரிப்பில் விதி கறாரானது. நிகழ்வு நடந்த அதே தேதி, நடந்த இடத்துக்கு மிகப் பக்கத்து அஞ்சலகம், இரண்டும் முத்திரையில் இருக்க வேண்டும். 524124 என்ற எண்ணுள்ள அந்தச் சின்னத் தீவின் அஞ்சலகத்து முத்திரையை உலகின் பல மூலைகளில் தேடுகிறார்கள். 2019 ஜூலை 15 அதிகாலை, சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். ஜூலை 22இல்தான் போயிற்று. ஜூலை 15க்கென்று உறை தயாரித்து வைத்திருந்தவர்களில் பலர் அதை வீண் என்று ஒதுக்கினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்தது ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. சரியாக ஒரு வருடம் கழித்து அதற்குத் தலை வெளியிட்டார்கள். வெற்றிக்குத் தலை அச்சடிக்கிறார்கள், தோல்விக்கு அச்சடிப்பதில்லை. தோல்வி நடந்த தேதிக்கும் சாட்சி வேண்டுமென்றால் அன்றாட முத்திரை ஒன்றுதான் கதி. ராக்கெட்டில் கடிதம் அனுப்பும் கனவே நம் நாட்டில் பழையது. கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் 1934 முதல் பத்து ஆண்டுகள் ராக்கெட்டில் கடிதம் வைத்து ஏவிப் பார்த்தார். 1992இல் அவருக்கும் தலை வந்தது.

இந்த ஏரிக்கரையின் மிகப் பழைய கடிதங்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். ஆங்கிலேயர்கள் அதற்கு வடக்கே ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்க்கராஜபட்டினத்தில் பண்டகசாலை வைத்தார்கள். மதராஸ் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. அங்கிருந்து துணி விலை, கடல் காற்று, உள்ளூர் நாயக்கர்களின் கோபம் எல்லாவற்றையும் பற்றி எழுதிய கடிதங்கள் லண்டனிலும் தி ஹேக்கிலும் பத்திரமாக இருக்கின்றன. அவர்கள் காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி சொல்லலாம். நாமும் காப்பாற்றியிருக்கிறோம். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு விழுந்தபோது மதராஸே காலியானது. அப்போது மதராஸ் ஆவணக் காப்பகத்தின் கட்டுகளை ஏற்றி சித்தூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஒரு மாகாணத்தின் காகிதங்களுக்கு அடைக்கலம் கொடுத்த மண் இது.

தனி மனிதர்கள் காப்பாற்றியது இன்னும் பெரிது. உ.வே.சாமிநாதையர் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார் என்று எல்லோரும் அறிவோம். தமக்கு வந்த கடிதங்களையும் அவர் எறியவில்லை. ஆ.இரா.வேங்கடாசலபதி அவற்றைப் பதிப்பித்திருக்கிறார். வ.உ.சி. சிறையிலிருந்து வந்து சென்னையில் வறுமையில் இருந்த நாட்களில் அவருக்கும் காந்திக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தும் வேங்கடாசலபதி வழியாகவே நூலாக வந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிய பணம், 347 ரூபாய் 12 அணா, அதுவே நூலின் பெயரிலும் நிற்கிறது. அடுத்த வேளைச் சோற்றுக்குக் கஷ்டப்பட்ட வீட்டில் அந்தக் கடிதங்களை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அண்டாவும் வெந்நீர் அடுப்பும் நினைவுக்கு வருகின்றன.

உங்கள் வீட்டில் உறைகள் இருந்தால் சில செய்திகள். லேமினேட் செய்யாதீர்கள், அது திரும்பப் பிரிக்க முடியாத சவப்பெட்டி. செலோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் பழுப்பாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். மலிவான பிளாஸ்டிக் ஆல்பத்தில் வியர்த்து மை கசியும். ஏரிக்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், ராமபாணப் பூச்சிக்கும் இந்த ஊர் பிடிக்கும். அமிலமில்லாத தாளில் மடக்கி, அட்டைப் பெட்டியில் படுக்கை வசமாக வைத்து, தை மாதத்தில் ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். தலையைக் கழற்ற வேண்டாம் என்பதை இனிமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக்காரர் யாராவது நல்ல விலை பேசினால் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டைத் தாண்டினால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.

படிப்பதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். உறை ஊருக்குச் சொந்தம், உள்ளே இருக்கும் தாள் எழுதியவருக்குச் சொந்தம் என்பது நான் வைத்துக்கொண்ட விதி. முகவரியையும் முத்திரையையும் பதிவு செய்வேன், காட்டுவேன். கடன் கேட்டுக் கெஞ்சிய கடிதத்தையும், புகுந்த வீட்டிலிருந்து அழுது எழுதிய கடிதத்தையும் மேடையில் படிக்க மாட்டேன், அவர்கள் பேரப்பிள்ளைகளே அனுமதி கொடுத்தாலும்.

தந்தி 2013 ஜூலையில் நின்றது. பதிவுத் தபாலை 2025இல் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள். கோட்டு வட்ட முத்திரை போய் கறுப்புக் கோடுகள் அச்சிட்ட ஸ்டிக்கர் வந்துவிட்டது. அந்த ஸ்டிக்கர்களையும் நான் சேர்க்கிறேன். 2008 வாக்கில் எழும்பிய இந்த ஊருக்கு ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகிற உறைகளில் "ஸ்ரீ சிட்டி" என்ற பெயர் எத்தனை விதமாக எழுதப்படுகிறது, சித்தூர் மாவட்டம் எந்த மாதத்தில் திருப்பதி மாவட்டமாக மாறியது, பழக்கத்தில் எத்தனை பேர் இன்னும் பழையதையே எழுதுகிறார்கள், இவையெல்லாம் உங்கள் அலுவலகக் குப்பைத் தொட்டியில் கிடக்கின்றன. 2022க்கு முன்னும் பின்னுமாக ஒரே அலுவலகத்துக்கு வந்த இரண்டு உறைகள் யாரிடமாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். உள்ளே இருக்கும் தாளை எடுத்துக்கொண்டு வெற்று உறையைக் கொடுத்தால் போதும். இந்த வட்டாரத்துக் கிராமம் ஒவ்வொன்றின் முகவரியும் எப்படி மாறி வந்தது என்று உறைகளை வைத்தே ஒரு பதிவேடு தயாரித்து வருகிறேன். சத்தியவேடு பக்கத்தில் நிறைய இடைவெளி இருக்கிறது.

கொண்டுவந்தவற்றை இடப்பக்க மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். கர்ணத்தின் இரண்டு உறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பூதக்கண்ணாடியும் இருக்கிறது. அவற்றுக்கு அப்பால் தனியாக ஒரு கார்டு இருக்கும். ஒரு ஓரம் கருகியது, மறு ஓரத்தில் சதுரமாக வெட்டிய ஓட்டை, நடுவில் கம்பித் துளை. அதில் "நிற்க" வரைக்கும்தான் எழுத்து மிஞ்சியிருக்கிறது. கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு வாருங்கள். காபியை மட்டும் வெளியிலேயே குடித்து முடித்துவிடுங்கள்.